துவைக்கும் முன் அடைத்துவிடுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, பிலிமத்தலாவையிலிருந்தும் தவுலகல, கடுகண்ணாவைப் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே!

உடுப்பில் விழும் சிறு பொத்தலைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மிளகளவு, பயற்றளவுப் பொத்தல். அதை ஊசியும் நூலும் எடுக்காமல் வீட்டிலேயே எப்படி அடைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. தையல் பழகாதவர்கள், கண் மங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாத பெரியவர்கள், தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் எல்லோருக்கும் இது பொதுவான விஷயம்.

இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் ஒரு நல்ல சட்டை எப்படிக் கழிந்துபோகிறது என்று பாருங்கள். சாயம் அப்படியே இருக்கும், துணியும் உறுதியாக இருக்கும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தல் தெரிகிறது. அன்றோடு அது வெளியே போட்டுப் போகும் உடுப்பு அல்ல, வீட்டு உடுப்பு. அடுத்த மாதம் பொத்தல் இரண்டாகிறது, இரவில் படுக்கப் போடும் உடுப்பாகிறது. அதன் பிறகு அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கைப்பிடித் துணி. ஒரு விரல் நுனி அளவு பழுதுக்காக ஒரு முழுச் சட்டையைத் தண்டிக்கிறோம்.

நம்முடையது உடுப்புத் தைத்துப் பிழைக்கும் நாடு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஆடைத்தொழில் வளர்ந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி அதைக் கிராமங்களுக்கும் கொண்டுபோனார். இன்று பொருள் ஏற்றுமதியால் நாட்டுக்கு வரும் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஆடைகளிலிருந்து வருகிறது. கண்டிப் பக்கம் பல்லேகலையிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கார்மன்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத கிராமமோ தோட்டமோ இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஓர் அறிவுதான் இன்றைய பேச்சின் மையம். அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

அதற்கு முன் சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. 2025ஆம் ஆண்டுக்கு வேண்டிய துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாக வந்தது. துணி இலவசம்தான், ஆனால் தையற்கூலி நம்முடைய செலவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆகவே ஒரு சீருடை ஓர் ஆண்டு முழுவதும் தாக்குப்பிடித்தாக வேண்டும். வெள்ளைச் சட்டையில் பொத்தல் விழுந்த பிள்ளை காலைக்கூட்டத்தில் அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பதை ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையைக் கீழே இறக்க வைக்க ஐந்து நிமிட வேலை போதும் என்பதற்காகவே நான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை பார்ப்பது. பலரும் இதைச் செய்யாமல் நேரே பசையைத் தேடுகிறார்கள்.

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சேர்ட், சீருடை, சேலை, சாரம் எல்லாம் நெய்த துணி. அதில் பாவு நெடுக்கே ஓடும், ஊடை குறுக்கே ஓடும். டீ சேர்ட், பெனியன், காலுறை எல்லாம் பின்னல் துணி. அதில் நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும். இரண்டிலும் பொத்தல் ஒரே மாதிரி தெரிந்தாலும் குணம் வேறு.

நெய்த துணியில் தெரியும் ஓட்டைகளில் கணிசமானவை உண்மையில் பொத்தலே அல்ல. மாணவத் தலைவருக்கு பட்ஜ் குத்திய இடத்தையும், சேலை முந்தானையை சேப்டி பின்னால் தோளில் குத்திய இடத்தையும் பாருங்கள். பின் உள்ளே போகும்போது நூலை அறுப்பதில்லை. இழைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு நடுவில் நுழைகிறது. பின்னை எடுத்த பிறகும் இழைகள் ஒதுங்கியபடியே நிற்கின்றன. நமக்கு ஓட்டை தெரிகிறது. இதற்குப் பசையும் வேண்டாம், துண்டும் வேண்டாம். அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, விரல் நகத்தை முதலில் பாவின் போக்கிலும் பிறகு ஊடையின் போக்கிலும் மெதுவாக இழுங்கள். ஒதுங்கிய இழை நகர்ந்து தன் இடத்துக்கு வருவதைக் கண்ணாலேயே காணலாம். துணியை மூலைவாட்டில் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்துவிட்டு, ஈரம் காயுமுன் அயன் பண்ணுங்கள். பருத்தியாக இருந்தால் ஓட்டை இருந்த இடம் தெரியாது. பட்டிலும் நைலோன் கலந்த துணியிலும் ஒரு மங்கலான அடையாளம் மிஞ்சலாம்.

ஓட்டையின் ஓரத்தில் பஞ்சு பஞ்சாக நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அந்த நுனிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். ஓட்டையை மூட நம்மிடம் இருக்கும் மூலதனம் அந்த நுனிகள்தான்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. பொத்தல் கண்ட உடுப்பை அப்படியே துவைக்கும் கல்லுக்கோ மெஷினுக்கோ கொடுக்காதீர்கள். நெய்த துணியானால் தளர்ந்த ஓரம் கசங்கிப் பிரிந்து பொத்தல் அகலமாகும். பின்னல் துணியானால் அறுந்த கண்ணியைப் பிடித்திருந்த அடுத்த கண்ணி கழலும், அதைத் தொடர்ந்து அதற்கடுத்ததும் கழலும். மிளகளவாக இருந்தது ஒரு துவையலில் விரல் நுழையும் அளவாகிறது. ஆனால் அழுக்கும் எண்ணெயும் வியர்வையும் உள்ள துணியில் எந்தப் பசையும் பிடிக்காது. இதற்கு வழி, பொத்தலைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் சவர்க்காரத் தண்ணீரில் கையால் அமுக்கி அலசிக் காயவிடுவது. தேய்க்கவும் பிழியவும் கூடாது. துணி மிருதுவாக்கும் திரவம் போட்டு அலசிய உடுப்பிலும் ஒட்டுவது கடினம் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது கார்மன்ட் பிள்ளைகளின் அறிவுக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் சேர்ட் போட்டிருப்பவர்கள் தங்கள் கொலரைத் தொட்டுப் பாருங்கள். அது ஏன் விறைப்பாக நிற்கிறது? உள்ளே கன்வஸ் என்ற விறைப்புத் துணி இருக்கிறது. இன்றைய சேர்ட்டுகளில் பெரும்பாலும் அதைச் சூட்டால் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் இதற்கென்றே ஃபியூசிங் மெஷின் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளை மூன்று விஷயத்தைக் கவனிக்கிறாள்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொலர் கொப்பளித்துவிடும். ஆகவே துணியை ஒட்டுவது ஏதோ சோம்பேறிகளின் குறுக்குவழி என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் போகும் நம் நாட்டுச் சேர்ட்டுகளின் கொலரும் கைப்பட்டியும் அப்படித்தான் நிற்கின்றன.

இந்த வேலையின் தத்துவத்தைப் பிலிமத்தலாவைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கண்டி வீதியோரம் பித்தளைக் கடைகள் இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களில் உலோக வேலை பரம்பரைத் தொழில். பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் பற்றவைப்பவர் என்ன செய்கிறார்? முதலில் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார். பாத்திரத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசை வைக்கிறார். அது உருகி இடுக்குகளில் ஓடியதும், ஆறும்வரை பாத்திரத்தை அசைய விடுவதில்லை. துணியை ஒட்டுவதும் இதே வேலைதான். கன்வஸின் ஒரு பக்கத்தில் நுண்ணிய புள்ளி புள்ளியாகப் பசை படிந்திருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் மினுங்கும். அயனின் சூட்டில் அது உருகி இழைகளுக்குள் இறங்குகிறது, ஆறியதும் இறுகுகிறது.

தையற்சாமான் கடையில் கொலருக்கு வைக்கும் ஒட்டுக் கன்வஸ், அதிலும் மிக மெல்லிய ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லாவிட்டால் ஒரு தையற்காரரிடம் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டாலும் போதும். ஒரு கையளவு துண்டு குடும்பத்துக்கு நெடுநாள் வரும். சிலந்தி வலை போன்ற இரண்டு பக்கமும் ஒட்டும் ஒரு வகையும் உண்டு. காற்சட்டை ஓரம் மடித்து ஒட்டுவதற்கென்று நாடாவாக விற்கிறார்கள். அது கிடைத்தால் இன்னும் நல்லது.

செய்முறையைச் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். உடுப்பை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தட்டையான மேசையில் விரித்த துணியின் மேல் போடுங்கள். பொத்தலுக்குக் கீழே கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள் ஒரு துண்டு வையுங்கள். பசை வழிந்து மேசையில் பிடிக்காமல் அது காக்கும். இனி இரண்டு கைப் பெருவிரல்களாலும் பொத்தலின் ஓரங்களை மெல்லத் தள்ளி நெருக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, முகம் முகமாகச் சேர வேண்டும். நீட்டியிருக்கும் பஞ்சு நுனிகளை ஊசி முனையாலோ பற்குச்சியாலோ நடுவுக்கு ஒதுக்கிவிடுங்கள். பொத்தலைவிட ஒரு விரற்கடை அகலமான கன்வஸ் துண்டை வட்டமாக வெட்டி, சொரசொரப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை நாளடைவில் கிளம்பும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியொன்றை மேலே மூடி, அயனை நேரே மேலிருந்து இறக்கிப் பத்து விநாடி அழுத்துங்கள். பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. வழக்கமாக அயன் பண்ணும் கை இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் நெருக்கி வைத்த ஓரம் விலகிவிடும். தூக்கிப் பார்த்து, இன்னும் ஒட்டாவிட்டால் மறுபடி அதே மாதிரி அழுத்துங்கள். பிறகு முழுவதும் ஆறும்வரை கை வைக்காதீர்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயனிலும் உடுப்பின் உட்பட்டியிலும் புள்ளிகள் இருக்கின்றனவே, அவை அலங்காரம் அல்ல. ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் ஏறக்குறைய 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 பாகை செல்சியஸ். பருத்திக்கு மூன்று, பொலியெஸ்டர் கலந்த சீருடைக்கு இரண்டு, நைலோனுக்கு ஒன்று. நைலோன் துணியில் மூன்று புள்ளிச் சூட்டை வைத்தால் பொத்தலை அடைக்கப் போய் அயனளவு பொத்தல் விழும். எந்தத் துணி என்று தெரியாவிட்டால் உள்மடிப்பில் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள்.

பயற்றளவைத் தாண்டிய பொத்தலுக்கு ஓரங்களை நெருக்கினால் துணி சுருங்கும். அதற்குத் துண்டு வேண்டும். துண்டுக்குக் கடைக்குப் போகாதீர்கள், அதே உடுப்பிலேயே இருக்கிறது. சேர்ட்டின் பொக்கற் உட்பக்கம், காற்சட்டையின் மடிப்பு, பாவாடையின் கீழோர உள்மடிப்பு, இவற்றிலிருந்து நகமளவு வெட்டலாம். அதே துணி, அதே துவையல், அதே வெயில் பட்டு மங்கிய நிறம். புதுத் துணி எவ்வளவு தேடினாலும் இப்படிப் பொருந்தாது. துண்டின் இழைப் போக்கும் சட்டையின் இழைப் போக்கும் ஒத்திருக்கும்படி வையுங்கள். இந்த ஒன்றைக் கவனித்தால் பாதிப் பொத்தல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

டீ சேர்ட்டுக்கு விறைப்பான கன்வஸ் ஆகாது. அது இழுபடும் துணி. அடைத்த இடம் மட்டும் தகரம் போல நின்றால் அதன் ஓரத்தில் புதுப் பொத்தல் விழும். அதற்குச் சிலந்தி வலை ரகத்தையும் பழைய டீ சேர்ட்டில் வெட்டிய துண்டையும் வைத்து ஒட்டுங்கள். டீ சேர்ட்டில் வயிற்றுக்கு நேரே சின்னச் சின்னப் பொத்தல் வருவதை எல்லோரும் பூச்சியின் தலையில் போடுகிறார்கள். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பொத்தானும் குசினிச் சீமெந்துத் திட்டின் விளிம்பும் உரசி உரசி விழுவதுதான் அதில் அதிகம். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவது ஏன்? தேயிலை வாதும் பனியீரமும் சேலையைத் தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். குசினியில் நிற்பவர்களும் ஓர் ஏப்ரன் கட்டினால் பாதிப் பொத்தல் விழாது.

பூச்சி தின்பதும் உண்டுதான். இராமபாணப் பூச்சிக்கு மாப்பொருள் பிடிக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலையை அப்படியே மடித்து அலுமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் அதற்கு விருந்துதான். கண்டி மழைக்கால ஈரமும் அதற்குச் சாதகம். நெடுநாள் வைக்கப் போகும் சேலையைக் கஞ்சி போக அலசி வையுங்கள். இன்னொரு காரணம் பற்றரி அமிலம். ஓட்டோ, லொறி வேலை செய்பவர்களின் காற்சட்டையில் துளி பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. காயக் காய அமிலம் செறிந்து, துவைத்ததும் அந்த இடம் உதிரும். பட்ட உடனே நிறையத் தண்ணீரில் அலசி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரிலும் அலசுங்கள். அமிலம் பட்ட பொத்தலைச் சுற்றியுள்ள துணியும் பலவீனமாக இருக்கும். ஆகவே துண்டை அகலமாக வைக்க வேண்டும். வெள்ளை உடுப்புக்கு ப்ளீச்சை அளவு மீறிப் போடுவதும் இதே வேலையைச் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக.

பசையைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. அவசரத்துக்கு சுப்பர் குளூவை எடுத்துத் துணியில் விடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பசை பருத்தியிலும் கம்பளியிலும் ஊறும்போது வேகமாக இறுகிச் சூட்டைக் கிளப்பும். தோல் வெந்துபோகும், கண்ணெரியும் ஆவி வரும். உடம்பில் உடுத்தியிருக்கும்போது விட்டால் நிலைமை மோசம். காய்ந்த பிறகும் கல்லுப் போல் நின்று தோலைக் குத்தும். பிள்ளைகள் கடதாசி ஒட்டும் வெள்ளைக் கம் ஆபத்தில்லாதது, ஆனால் சாதாரணமாகத் துவையலில் கரைந்து போகும். துணிக்கென்றே விற்கும் பசை வாங்கினால் பற்குச்சி நுனியால் ஓரங்களில் மட்டும் தொட்டு வையுங்கள். ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகு துவையுங்கள். எந்த முறையில் ஒட்டினாலும் அந்த உடுப்பை உட்புறம் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவைக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்தால் சூட்டில் பிடித்த பசை சூட்டிலேயே விட்டுவிடக்கூடும்.

நூல் சிலும்பி வெளியே வளையமாக நீட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டக் கூடாது. வெட்டினால் இல்லாத பொத்தலை நாமே உண்டாக்குகிறோம். உட்புறமிருந்து ஊசித் துவாரத்தாலோ குரோஷே ஊசியாலோ அதை உள்ளே இழுத்துவிட்டால் போதும். நுளம்பு வலையில் ஓட்டை என்றால் அயன் பக்கமே போகாதீர்கள். வலைகளில் சில பொலிஎதிலீன் நூலால் ஆனவை, அவை அயன் சூட்டில் உருகிவிடும். மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. வலை ஓட்டையைத் துணிப் பசையால் ஒரு வலைத் துண்டு வைத்தாவது உடனே அடையுங்கள்.

இந்த முறை ஆகாத இடங்களும் உண்டு. கக்கம், முழங்கால், காற்சட்டையின் கவடு போன்ற இழுபடும் இடங்களில் ஒட்டு நிற்காது. அங்கே ஊசிதான் வேண்டும். சரிகைப் பட்டுத் துணியை நீங்களாக ஒட்டாதீர்கள், கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

கடைசியாக வெட்கத்தைப் பற்றி. ஒட்டுப் போட்ட உடுப்பு வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மல்வத்தை, அஸ்கிரிய மகா விகாரைகள் இருக்கும் கண்டியில் இதை நினைக்கவே கூடாது. பிக்குமாரின் சீவரம் துண்டுகளை இணைத்து ஆக்கியது. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் போல அதை அமைக்கும்படி புத்தர் ஆனந்த தேரரிடம் சொன்னதாக விநய பிடகம் கூறுகிறது. கிழிந்தால் ஒட்டுப் போடவும் விநயம் அனுமதிக்கிறது. மேலைநாட்டையும் பாருங்கள். பிரித்தானியாவில் 1941 ஜூன் 1ஆம் திகதி உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் ஆண்டில் ஓர் ஆளுக்கு 66 கூப்பன். 1943இல் அந்த அரசாங்கமே பழைய உடுப்பைப் பழுதுபார்த்து உடுப்பது எப்படி என்று கைநூல் அச்சிட்டு வெளியிட்டது. பங்கீடு 1949வரை நீடித்தது. செல்வந்த நாட்டு மக்களும் ஒட்டுப் போட்ட உடுப்போடு வேலைக்குப் போனார்கள், யாரும் குறைந்துபோகவில்லை.

மனைப் பொருளியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு பாடவேளை ஒதுக்கி, ஓர் அயனும் ஒரு முழம் ஒட்டுக் கன்வஸும் வைத்து இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிடாதீர்கள், பையன்களையும் நிறுத்தி வையுங்கள். அதோ அந்தப் பக்க மேசையில் அயன் சூடாகிக்கொண்டிருக்கிறது. பொத்தல் உள்ள உடுப்புக் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அங்கே வாருங்கள். சீருடையோடு வந்த பிள்ளைகளுக்கு முதலிடம்.